அலையும் ஏடும்: உயிர்பிழைத்தல் புதினத்தைக் கூடி வாசித்தல்

நுழையும்முன்

நடுக்கடலிலும் தனித்தீவிலும் அகப்பட்ட மனிதர் உயிர்பிழைக்கும் கதைகள் இளையோரைப் பெரிதும் ஈர்க்கின்றன. அவற்றுள் எதனைத் தேர்ந்தெடுப்பது, எவ்வாறு கூடி வாசிப்பது என்பதைப் பிச்சாவரக் கரையில் நின்று விளக்குகிறது இப்பாடம்.

கரையோரத்து வாசகர்

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில் விரிந்துள்ளது பிச்சாவரம் அலையாத்திக் காடு. உப்பு நீரிலும் காற்றுப் புகாத சேற்றிலும் வாழ்வதற்கு அக்காட்டு மரங்கள் தனி வழி கண்டுள்ளன. சுரபுன்னை ஊன்றுவேர்களால் நிற்கிறது. வெண்கண்டல் சேற்றுக்கு மேல் மூச்சுவேர்களை நீட்டுகிறது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, காட்டின் பின்புறம் இருந்த சில ஊர்கள் பெருஞ்சேதத்திலிருந்து தப்பின. கடலை ஒட்டியிருந்த சில ஊர்கள் பேரிழப்புக்கு உள்ளாயின. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூர்க் கரையைக் கடந்தது. இன்றைய மாணவர் சுனாமிக்குப் பின் பிறந்தவரே. ஆயினும், வட்டத்தில் அமரும் ஒருவர் வீட்டுச் சுவரில் மாலையிட்ட படம் ஒன்று இருக்கக்கூடும். ஆகவே இங்கு உயிர்பிழைத்தல் என்பது பொழுதுபோக்குக் கதைப்பொருள் மட்டும் அன்று.

நூலைத் தேர்தல்

இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன் அண்மையிலுள்ள சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்தவர். வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூலும், நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகரும் உண்டு என்னும் கருத்து, 1931இல் அவர் வெளியிட்ட நூலக விதிகளில் இடம்பெற்றது. எனவே, ‘சிறந்த நூல் எது?’ என்பதைக் காட்டிலும், ‘இவ்வட்டத்திற்கு உரிய நூல் எது?’ என்று கேட்பதே முறை.

டேனியல் டீஃபோ எழுதிய ‘ராபின்சன் குரூசோ’ (1719) இவ்வகையின் முன்னோடி. ஆனால், தீவையும் அங்குள்ள மனிதரையும் தன் உடைமையாக்கும் நோக்கு அதில் உண்டு. யான் மார்டெலின் ‘லைஃப் ஆஃப் பை’ (2001) புதுச்சேரியில் தொடங்குவதால் நமக்கு அணுக்கமானது. எனினும் அளவில் பெரியது. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) பரதவர் வாழ்வை அவர்தம் மொழியிலேயே கூறுகிறது. அதன் விரிவு ஒரு பருவத்திற்குள் அடங்காது.

எர்னஸ்ட் ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ (1952) தமிழிலும் கிடைக்கிறது, சிறியது, நான்கு வாரங்களில் முடிக்கத்தக்கது. மேலும், தூண்டிலும் படகும் அறிந்த மாணவர், ஆசிரியரைவிடக் கூர்மையாக அந்நூலை மதிப்பிட முடியும். வகுப்பில் அமைதியாக இருப்பவர் வட்டத்தில் வழிகாட்டியாவதற்கு இதுவே வாய்ப்பு.

நான்கு அமர்வுகள்

பத்துப் பன்னிருவர் கொண்ட வட்டம் போதுமானது. முதல் அமர்வில் தொடக்கப் பக்கங்களை உரக்க வாசிக்கலாம். எண்பத்து நான்கு நாள்கள் மீனின்றித் திரும்பிய கிழவரிடமிருந்து சிறுவனைப் பெற்றோர் ஏன் விலக்கினர் என்பதை விவாதிக்கலாம். அவர்களைக் குறைகூறும் முன், ஒரு மீனவக் குடும்பத்தின் அன்றாட வருவாயை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் அமர்வு, பெருமீன் படகை இழுத்துச் செல்லும் பகுதி. கயிறு கையை அறுக்கிறது, இடக்கை மரத்துப்போகிறது, கிழவர் பச்சை மீனை உண்கிறார். அவருடைய ஒவ்வொரு முடிவையும் பட்டியலிட்டு, மீன்பிடித் தொழிலில் மூத்த ஒருவரை அழைத்து, ‘இது நடக்கக்கூடியதா?’ என்று கேட்கலாம்.

மூன்றாம் அமர்வு, சுறாக்களின் தாக்குதல். எறியீட்டியை இழந்தபின் துடுப்பில் கத்தியைக் கட்டுகிறார். அதுவும் போனபின் கையில் கிடைத்ததைக் கொண்டு போராடுகிறார். எந்த இடத்தில் போராட்டத்தைக் கைவிடுவது அறிவுடைமை என்பது இங்கு எழும் வினா.

நான்காம் அமர்வில், எலும்புக்கூட்டுடன் கரை சேர்ந்த கிழவர் வென்றாரா, தோற்றாரா என்று வாதிடலாம். ஒவ்வொருவரும் தம் கருத்துக்குச் சான்றாக நூலின் பக்கத்தைச் சுட்ட வேண்டும்.

காக்க வேண்டிய நெறி

எவரிடமும் அவர்தம் குடும்ப இழப்பைப் பற்றிக் கேட்டல் கூடாது. தாமாக ஒருவர் கூறினால், குறுக்கிடாது கேட்க வேண்டும். அதனைக் கூட்டத்திற்கு வெளியே பேசலாகாது. பேசாதிருக்கவும் பாதியில் எழுந்து செல்லவும் உரிமை உண்டு. மதிப்பெண் வேண்டா. ‘முயன்றவரே பிழைப்பர்’ என்னும் முடிவுக்கு எவரேனும் வந்தால், அதனை ஆராயாமல் விடுதல் கூடாது. பேரலையில் இறந்தோர் முயலாதோர் அல்லர். பிழைத்தல் சில வேளைகளில் ஊர் நின்ற இடத்தைப் பொறுத்தது.

பிச்சாவரத்தில் ஊர்களைக் காத்தது காடு மட்டுமா, கடலிலிருந்து அவை இருந்த தொலைவும் நிலத்தின் மேடும் சேர்ந்தா என்பதை அறிஞர்களும் விவாதித்துள்ளனர். சான்றை எடைபோடும் அப்பழக்கமே வாசகர் வட்டத்திற்கும் தேவை. கிழவர் கடலில் தனித்திருந்தபோது சிறுவன் உடனிருந்தால் நன்றாயிருக்கும் என்று பலமுறை ஏங்குகிறார். கரை சேர்ந்தபின் அவருக்குக் காப்பி கொண்டுவருபவன் அச்சிறுவனே. பிழைத்தவரைத் தாங்கிக்கொள்ள ஒருவர் கரையில் இருக்க வேண்டும் என்பதையும் மாணவர் அங்கே வாசிக்கின்றனர்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர் எதிர்கொண்ட இயற்கைப் பேரிடர் ஒன்றைக் கருதி, உங்கள் வகுப்புக்கு உரிய புதினம் ஒன்றைத் தேர்ந்து, அதற்கான காரணங்களை ஒரு பக்க அளவில் எழுதுக.