பயனர் அனுபவ வடிவமைப்பின் அடிப்படைகளும் செயல்முறையும்: தமிழ் 99 விசைப்பலகையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஒரு கருவியைக் கையாள்வோர் அதனோடு கொள்ளும் உறவு முழுவதையும் கருத்திற்கொண்டு அக்கருவியை அமைப்பது பயனர் அனுபவ வடிவமைப்பு எனப்படும். கணினித் துறையைச் சார்ந்ததாகக் கருதப்படும் இத்துறையின் அடிப்படைகளையும் செயல்முறையையும் தமிழ் 99 விசைப்பலகையின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. மொழியமைப்பை நன்குணர்ந்து உருவான ஒரு வடிவமைப்பு, பயனர் அதனை வந்தடையும் வழி அமையாதபோது எவ்வாறு பயன்குன்றுகிறது என்பதும், இதில் தமிழாய்வாளர்க்குள்ள பங்கு யாது என்பதும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பயனர் அனுபவம், பயன்பாட்டெளிமை, தமிழ் 99, மெய்ம்மயக்கம், விசைப்பலகை, ஒருங்குறி.

முன்னுரை

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய பகுதிகளில் கல்லூரிகளையும் தொடர்வண்டி நிலையங்களையும் ஒட்டித் தட்டச்சு, ஒளியச்சு நிலையங்கள் பல உள்ளன. தமிழில் ஆய்வேடு எழுதுவோர் கையெழுத்துப் படியை இந்நிலையங்களில் கொடுத்துத் தட்டச்சிட்டு வாங்குவது இன்றும் வழக்கமாக உள்ளது. அச்சுப்படியில் ணகர னகர, லகர ளகர, ரகர றகர மயக்கங்களைத் திருத்தி மீண்டும் கொடுப்பதும், திருத்திய படியில் புதிய பிழைகளைக் காண்பதும் ஆய்வாளர் பலரும் அறிந்தவையே. இவ்வாய்வாளர்களே கைப்பேசியில் நாள்தோறும் தமிழில் செய்தி அனுப்புகின்றனர். கைப்பேசியில் தமிழ் எழுதும் ஒருவர் மடிக்கணினியில் எழுதத் தயங்குவது ஏன் என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

இத்தயக்கத்திற்குப் பயிற்சியின்மையையும் ஆர்வமின்மையையும் காரணமாகக் கூறுவது எளிது. பயனர் அனுபவ வடிவமைப்போ பயனரைக் குறைகூறுவதற்கு முன் கருவியை ஆராயச் சொல்கிறது. அவ்வழியில் இச்சிக்கலை அணுகுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பயனர் அனுபவம்: கருத்து விளக்கம்

அமெரிக்க அறிதிறன் அறிஞர் டொனால்டு நார்மன், அன்றாடப் பொருள்களின் அமைப்பைப் பற்றி 1988இல் வெளியிட்ட நூலில், கருவியைக் கையாள்கையில் நேரும் பிழைகளுள் பல வடிவமைப்பின் பிழைகளே என்று வாதிட்டார். 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் இணைந்த அவர், தம் பணிப் பெயரிலேயே 'பயனர் அனுபவம்' என்னும் தொடரை அமைத்துக்கொண்டார். அத்தொடர் பரவியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

பயனர் இடைமுகம் வேறு, பயனர் அனுபவம் வேறு. திரையில் தோன்றும் பொத்தான், எழுத்துரு, நிறம் முதலியன இடைமுகத்தின் பாற்படும். ஒரு கருவியைப் பயன்படுத்தும்போதும், பயன்படுத்தப் போவதாக எண்ணும்போதும் பயனரிடம் எழும் உணர்வு, நம்பிக்கை, செயல் யாவும் அனுபவத்தின் பாற்படும். பன்னாட்டுத் தர அமைப்பின் 9241-210 எண்ணுள்ள தர ஆவணமும் எதிர்பார்ப்பினை இவ்வரையறையில் சேர்க்கிறது. 'தமிழில் தட்டச்சிடுவது கடினம்' என்று விசையைத் தொடும் முன்னரே ஒருவர் கருதுவாராயின், அக்கருத்தும் வடிவமைப்பாளர் கணக்கிற்கொள்ள வேண்டிய தரவேயாகும்.

ஒரு கருவியின் பயன்பாட்டெளிமையை அளக்க ஜேக்கப் நீல்சன் 1993இல் வெளியிட்ட நூலில் ஐந்து கூறுகளை வகுத்தார். அவை: புதியவர் விரைவில் கற்க இயலுதல், கற்றவர் விரைந்து செயலாற்றுதல், இடைவெளிக்குப் பின்னும் நினைவிற்கு வருதல், பிழைகள் குறைந்திருத்தலும் நேர்ந்த பிழையை எளிதில் திருத்த இயலுதலும், மனநிறைவு. இவ்வைந்தும் எப்பொழுதும் ஒருங்கே உயர்வதில்லை. கற்க எளிதான கருவி கற்றபின் வேகங்குறைந்ததாகவும், வேகமிக்க கருவி கற்க அரிதாகவும் அமையக்கூடும். தமிழ் விசைப்பலகைகளின் வரலாற்றை இம்முரணே விளக்குகிறது.

தமிழ் 99: மொழியை உணர்ந்த வடிவமைப்பு

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ரா. முத்தையா 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவாக்கிய தட்டச்சுப்பொறி தமிழ் எழுத்தை எந்திரத்திற்குக் கொண்டுவந்தது. அப்பொறி எழுத்தின் வரிவடிவத்தை ஒட்டி இயங்குவது. 'கொ' என்னும் எழுத்துக்கு ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று விசைகளை வரிவடிவ வரிசையிலேயே அழுத்த வேண்டும். எந்திரம் அறிந்தது வடிவத்தை மட்டுமே. ஆகவே அவ்வமைப்பு அன்றைய தேவைக்குப் பொருத்தமானதே.

கணினி வந்தபின் எழுத்துருதோறும் குறியீடும் விசையமைப்பும் வேறுபட்டன. ஒருவர் தட்டச்சிட்ட கோப்பு மற்றொருவர் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. இந்நிலையில் 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாட்டின் வழி உருவானதே தமிழ் 99 விசைப்பலகை. அவ்வாண்டிலேயே தமிழக அரசு அதனைத் தரமாக ஏற்றது. 2010இல் ஒருங்குறியும் அரசின் தரமாக அறிவிக்கப்பட்டது.

தமிழ் 99இன் அமைப்பு ஒலியைப் பின்பற்றுவது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கத்தில் அமைய, வகர ஙகரங்கள் நீங்கலான மெய்கள் வலக்கைப் பக்கத்தில் அமைந்துள்ளன. கைகள் இயல்பாகத் தங்கும் நடுவரிசையில் இடப்புறம் அ, இ, உ, புள்ளி, எ ஆகியனவும், வலப்புறம் க, ப, ம, த, ந, ய ஆகியனவும் வருகின்றன. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்னும் இலக்கண உண்மையே இங்கு இயக்க விதி. 'கொ' எழுதக் ககரமும் ஒகரமும் போதும். இரு கைகளும் மாறிமாறி இயங்குகின்றன.

இதனினும் சிறப்புடையது தானே புள்ளி பெறும் விதி. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலாவது புள்ளி பெறும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கு விசைகளே வேண்டும். மெல்லெழுத்தை அடுத்து அதன் இனவல்லெழுத்து வரினும் மெல்லெழுத்துத் தானே புள்ளி பெறும். 'தங்கம்', 'பஞ்சு', 'வண்டி', 'பந்து', 'கம்பு', 'கன்று' ஆகிய சொற்களின் இடையில் புள்ளியைத் தனியே இட வேண்டுவதில்லை. தமிழ் இலக்கண மரபில் உடனிலை மெய்ம்மயக்கம், வேற்றுநிலை மெய்ம்மயக்கம் எனப் பகுத்துரைக்கப்படும் எழுத்துப் புணர்ச்சிகளுள் மிகுதியாக வழங்குவன இவையே. தொல்காப்பிய நூன்மரபில் பயின்ற ஒருவருக்கு இவ்விதி புதிதன்று.

விதி பொருந்தாத இடத்திற்கு வழியும் உண்டு. 'மமதை' என்பதில் முதல் மகரம் புள்ளி பெறலாகாது. இரண்டுக்கும் இடையே அகரத்தை அழுத்தினால் போதும். 'நாடகக்கலை' என்பதிலும் முதற் ககரத்தின் பின் அகரத்தை அழுத்திப் பின் க, க என அழுத்த வேண்டும். மிகுதியாக வருவதனை எளிதாக்கி, அரிதாக வருவதற்கு ஒரு கூடுதல் விசையை வைத்தல் பயனர் அனுபவ வடிவமைப்பின் தலையாய உத்திகளுள் ஒன்று.

அறிதலும் நினைவுகூர்தலும்

இத்துணைச் சிறப்புடைய விசைப்பலகை இருந்தும், ஆய்வு மாணவருள் பலர் உரோமன் எழுத்துவழி ஒலிபெயர்ப்பு முறையையே நாடுகின்றனர். காரணம் மடிக்கணினியின் மேற்பரப்பிலேயே உள்ளது. நம் கடைகளில் விற்கப்படும் பெரும்பாலான விசைப்பலகைகளில் உரோமன் எழுத்துகள் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ் 99ஐப் பயன்படுத்துவோர் முப்பதுக்கு மேற்பட்ட விசையிடங்களை மனத்தில் இருத்த வேண்டும். நினைவுகூரச் செய்வதைவிடக் கண்டறியச் செய்தலே நன்று என்பது நீல்சன் தொகுத்த பத்து வடிவமைப்பு நெறிகளுள் ஒன்று. கைப்பேசித் திரையில் தமிழெழுத்துகள் கண்ணெதிரே தோன்றுகின்றன. ஆகவே அங்குத் தயக்கம் இல்லை. முன்னுரையில் எழுப்பிய வினாவிற்கு இதுவே முதன்மையான விடை.

ஒலிபெயர்ப்பு முறையோ பயனர் முன்னரே அறிந்த உரோமன் எழுத்திலிருந்து தொடங்குகிறது, கற்றற்கு எளிது. ஆனால் அதற்குரிய விலை பிழையாக வெளிப்படுகிறது. எடுத்துக்காட்டாக, அஞ்சல் விசையமைப்பில் சிறிய 'எல்' லகரத்தையும் பெரிய 'எல்' ளகரத்தையும், சிறிய 'ஆர்' ரகரத்தையும் பெரிய 'ஆர்' றகரத்தையும் தருகின்றன. தமிழில் பொருளை வேறுபடுத்தும் ஒலிகள் இங்கு மாற்று விசையொன்றை அழுத்துவதையே சார்ந்துள்ளன. அவ்விசை தவறின் 'பள்ளி' என்பது 'பல்லி' ஆகிவிடும். தமிழ் 99இல் இவ்வெழுத்துகள் ஒவ்வொன்றும் தனி விசை பெற்றவை. எனவே கற்றலெளிமையில் ஒலிபெயர்ப்பு முறையும், வேகத்திலும் பிழைக்குறைவிலும் தமிழ் 99உம் மேம்பட்டு நிற்கின்றன எனலாம்.

செயல்முறை

மேற்சுட்டிய தர ஆவணம் மனிதமைய வடிவமைப்பை நான்கு செயல்களாக வகுக்கிறது. அவை ஒருமுறை செய்து முடிப்பன அல்ல, சுழற்சியாக நிகழ்வன. தமிழ்த் துறையொன்று தன் மாணவர்க்கு விசைப்பலகைப் பயிற்சியை அமைப்பதாகக் கொண்டு அவற்றைக் காண்போம்.

முதலாவது, பயன்பாட்டுச் சூழலை அறிதல். மாணவர் எங்கு, எக்கருவியில், என்ன எழுதுகின்றனர் என்பதை அருகிருந்து காண வேண்டும். 'தமிழ் 99 தெரியுமா?' எனக் கேட்பதைவிட, ஒரு பத்தியைத் தட்டச்சிடச் சொல்லி விரல் எங்கு நிற்கிறது எனக் கவனிப்பது மிகுபயன் தரும். மாணவருள் தட்டச்சுத் தேர்வு எழுதியவரும் உளர், கைப்பேசி மட்டுமே அறிந்தவரும் உளர். இவ்விரு சாராரின் பழக்கமும் வேறு.

இரண்டாவது, தேவைகளை வரையறுத்தல். செய்தி அனுப்புவோர்க்குத் தொடக்க எளிமை இன்றியமையாதது. நூற்றுக்கணக்கான பக்கங்களில் மேற்கோளும் அருஞ்சொல்லும் எழுதும் ஆய்வாளர்க்கு வேகமும் பிழையின்மையும் இன்றியமையாதன. ஒரே விசைப்பலகை இருவர்க்கும் சிறந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது, தீர்வுகளை உருவாக்குதல். தொடக்கத்தில் எளிய மாதிரி போதும். விசைகளில் ஒட்டும் தமிழெழுத்துத் தாளும், திரையோரத்தில் தோன்றும் விசைப்படமும் நினைவுகூர்தலைக் கண்டறிதலாக மாற்றிவிடும். புள்ளிவிதியை விசைகளின் பட்டியலாகக் கற்பிப்பதற்கு மாறாக, மெய்ம்மயக்கப் பாடத்தோடு இணைத்துக் கற்பிக்கலாம். மாணவர் முன்னரே அறிந்ததன்மேல் புதியதை ஏற்றுவது இதன் பயன்.

நான்காவது, மதிப்பிடல். ணகர னகர நகரங்களும் லகர ளகர ழகரங்களும் ரகர றகரங்களும் கலந்துவரும் ஒரு பத்தியைச் சிலரிடம் கொடுத்து, எடுத்த நேரத்தையும் நேர்ந்த பிழைகளையும் குறித்தல் வேண்டும். சில வாரங்கள் கழித்து அதனையே மீண்டும் செய்தால் நினைவில் நிற்பதும் புலப்படும். சிலரைக் கொண்டு செய்யும் சோதனையே பெருங்குறைகளை வெளிப்படுத்திவிடும். கண்ட குறையைத் திருத்தி மீண்டும் சோதித்தலே முறை.

முடிவுரை

தமிழ் 99 உணர்த்தும் படிப்பினைகள் இரண்டு. இலக்கண அறிவு வடிவமைப்பிற்கு வளமான மூலப்பொருள் என்பது ஒன்று. மெய்ம்மயக்கத்தை ஒத்த ஒரு விதி நாள்தோறும் எத்தனையோ விசையழுத்தங்களைக் குறைக்கிறது. சிறந்த அமைப்பும் பயனரை வந்தடையும் வழியின்றி நிறைவுறாது என்பது மற்றொன்று. விசையில் எழுத்துப் பொறிக்கப்படாமையும் வகுப்பறையில் பயிற்சி இல்லாமையும் வடிவமைப்பிற்குப் புறம்பானவையல்ல, அனுபவத்தின் பகுதிகளே.

ஆய்வேட்டைத் தானே தட்டச்சிடும் ஆய்வாளர் தம் சொற்களின் மீது தாமே ஆட்சியுடையவராகிறார். ஒருங்குறியில் அமைந்த அவ்வேடு தேடத்தக்கதாகவும், பின்வருவோர் எடுத்தாளத்தக்கதாகவும் நிலைக்கிறது. எனவே முதுகலை நிலையிலேயே தமிழ்த் துறைகள் விசைப்பலகைப் பயிற்சியைப் பாடத்தோடு இணைத்தலும், பயிலும் மாணவரின் இடர்ப்பாடுகளைப் பதிவுசெய்து மென்பொருள் உருவாக்குவோர்க்கு அளித்தலும் வேண்டும். அத்தகைய பதிவுகள் மெய்ம்மயக்கம், புணர்ச்சி முதலிய இலக்கணக் கூறுகள் கணினிப் பயன்பாட்டில் இயங்கும் முறை பற்றிய ஆய்விற்கும் தரவாக அமையும்.