காரின் சத்தமும் ஒர்க்‌ஷாப்பின் அமானிதமும்

என் தங்கையின் கணவர் பன்னிரண்டு ஆண்டுகள் சவூதியில் உழைத்துவிட்டு ஊர் திரும்பினார். வந்த சில மாதங்களில் சென்னையில் ஒருவரிடமிருந்து 2011ஆம் ஆண்டு மாடல் பிஎம்டபிள்யூ 320டி காரை வாங்கினார். "புது மாருதி வாங்குற காசுக்கு இது கிடைச்சது மச்சான்" என்று பெருமையாகச் சொன்னார். காரின் விலைதான் பத்து வருடத்தில் இறங்கும், அதன் உதிரி பாகங்களின் விலை இறங்காது என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் எடுத்துச் சொல்லவில்லை.

மூன்றாவது வாரத்தில் சத்தம் ஆரம்பித்தது. ஃபஜ்ருக்குப் பள்ளிக்கு வர வண்டியை ஸ்டார்ட் செய்தால் முன்பக்கத்திலிருந்து ஒரு சரசரப்பு, தகர டப்பாவில் சங்கிலியைப் போட்டு ஆட்டுவது போல. இரண்டு நிமிடத்தில் குறைந்துவிடும். சொகுசுக் கார்களுக்கென்றே இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனார். ஏசி அறை, காபி, கணினித் திரை எல்லாம் இருந்தன. அரை மணி நேரத்தில் "டர்போ போயிடுச்சு சார்" என்றார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் செலவழித்து டர்போவை மாற்றினார். மறுநாள் ஃபஜ்ருக்கு அதே சரசரப்பு. கழற்றிய பழைய டர்போவைக் கேட்டபோது, "அதைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிட்டோம்" என்றார்கள்.

நான் மெக்கானிக் அல்ல. மதரஸாவில் ஏழு ஆண்டுகள், பிறகு தபால் வழியில் பி.ஏ. வரலாறு, இவ்வளவுதான் என் படிப்பு. ஆனால் அந்த ஒரு லட்சம் அவர் வெயிலில் நின்று சம்பாதித்தது என்பதால் எனக்கு மனது ஆறவில்லை. தெரிந்த மெக்கானிக்குகளிடம் உட்கார்ந்து கேட்டேன், படித்தேன். அப்படி அறிந்துகொண்டவற்றைச் சகோதரர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

சத்தம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, அது எதோடு சேர்ந்து கூடுகிறது, குறைகிறது என்பதைத்தான். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, மெல்ல ரேஸ் கொடுத்துப் பாருங்கள். ரேஸ் கூடக்கூடச் சத்தமும் வேகமெடுத்தால் அது இன்ஜின் பக்கத்து விஷயம். நின்ற நிலையில் எவ்வளவு ரேஸ் கொடுத்தாலும் வராமல், ஓடும்போது மட்டும் வந்து, வண்டியின் வேகத்தோடு கூடினால் அது பெரும்பாலும் வீல் பேரிங் அல்லது டயர். வளைவில் திரும்பும்போது "ஊம்" என்ற ஒலி கூடிக் குறைந்தால் வீல் பேரிங் என்றே பல மெக்கானிக்குகள் சொல்லிவிடுவார்கள். இதை இன்ஜின் சத்தம் என்று நினைத்துக்கொண்டு போய் நிற்பவர்கள் ஏராளம்.

அடுத்தது, குளிர்ந்த இன்ஜினா, சூடான இன்ஜினா என்பது. இரவெல்லாம் நின்ற வண்டியில் ஸ்டார்ட் செய்ததும் மேல்பகுதியில் "டிக் டிக்" என்று கேட்டு, ஆயில் மேலே ஏறியதும் அடங்கினால் அது வால்வுகளை இயக்கும் ஹைட்ராலிக் லிஃப்டராக இருக்கலாம். ஆயில் பழசாகிவிட்டதா, அளவு குறைந்துவிட்டதா என்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். புதிய பிஎம்டபிள்யூ கார்கள் பலவற்றில் ஆயில் பார்க்கும் குச்சியே கிடையாது, திரையில்தான் அளவு தெரியும். அதனால் பலர் பார்ப்பதே இல்லை. குளிரும்போது "டொக் டொக்" என்று மந்தமாக அடித்துச் சூடானதும் மறைந்தால் பிஸ்டன் சிலிண்டரில் ஆடுகிறது என்று பொருள் கொள்ளலாம். சில வண்டிகள் அந்தச் சத்தத்தோடே பல ஆண்டுகள் ஓடும்.

பெல்ட் கீச்சிடுவது மழைக்கால அதிகாலையில் எல்லோருக்கும் தெரிந்த சத்தம்தான். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் முனகினால் பவர் ஸ்டீயரிங் எண்ணெயைப் பாருங்கள். ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் போன்றவற்றின் பேரிங் தேய்ந்தால் மாவு மில் ஓடுவது போல ஓர் உறுமல் இருக்கும். நல்ல மெக்கானிக் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில வினாடிகள் மட்டும் இன்ஜினை ஓட்டிக் கேட்பார். சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி பெல்ட் சுற்றும் பாகங்களில் ஒன்று. இதை வீட்டில் செய்யாதீர்கள். பல வண்டிகளில் வாட்டர் பம்பையும் அந்த பெல்ட்தான் சுற்றுகிறது.

டீசல் வண்டியில் இன்னொன்று உண்டு. இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செப்பு வாஷர் கசிந்தால் "சஃப் சஃப்" என்று மூச்சு விடுவது போலக் கேட்கும். மேலே உள்ள மூடியைக் கழற்றினால் இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்பாக உறைந்திருக்கும். மெர்சிடிஸ் சிடிஐ இன்ஜின்களில் இது பிரசித்தம். ஆரம்பத்திலேயே பார்த்தால் வாஷரும் கொஞ்சம் உழைப்பும்தான் செலவு. விட்டுவிட்டால் இன்ஜெக்டர் இறுகிப்போய் வெளியே வராது.

இவை எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது, அடிவயிற்றிலிருந்து வரும் கனமான "டங் டங்". ரேஸ் கொடுத்தால் வேகமாகும், ஏற்றத்தில் இன்னும் பலமாகும், சூடானாலும் போகாது. பிக் எண்ட் பேரிங் அடிக்கிறது என்று இதைச் சொல்வார்கள். இந்தச் சத்தம் கேட்டாலோ, சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ அந்த இடத்திலேயே இன்ஜினை அணையுங்கள். "பக்கத்துலதானே ஒர்க்‌ஷாப், ஓட்டிட்டே போயிடலாம்" என்று நினைத்த ஐந்து கிலோமீட்டரில் இன்ஜினே போயிருக்கிறது. ஏற்றிச் செல்லும் வண்டிக்கு ஆகும் செலவு அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

இனி என் மச்சானின் காருக்கு வருகிறேன். பிஎம்டபிள்யூ 2007இல் கொண்டுவந்த என்47 என்ற இரண்டு லிட்டர் டீசல் இன்ஜின் 320டி, 520டி, எக்ஸ்1 போன்ற பல வண்டிகளில் வந்தது. அதே 2007இல்தான் செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பிஎம்டபிள்யூ தன் தொழிற்சாலையைத் திறந்தது. எனவே நம் பக்கத்துச் சாலைகளில் இந்த இன்ஜின் ஏராளம். நல்ல பிக்கப், நல்ல மைலேஜ். ஆனால் இதில் டைமிங் செயின் வழக்கம் போல முன்பக்கத்தில் இல்லாமல், பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் நீண்டாலோ, அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு தேய்ந்தாலோ சரசரப்பு வரும். முக்கியமாக 2011க்கு முந்தைய தயாரிப்புகளில் இந்தப் புகார் உலகம் முழுக்க எழுந்தது. செயின் ஓட்டத்தில் அறுந்துவிட்டால் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதி இன்ஜின் நொறுங்கும். மாற்றுவதற்கோ கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அல்லது இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டும்.

டர்போவின் சத்தம் இப்படி இருக்காது. அது விசில், அல்லது தூரத்து ஆம்புலன்ஸ் போன்ற ஊளை. இன்ஜின் இழுக்கும்போது கூடும். நின்ற நிலையில், குளிர்ந்த இன்ஜினில், பின்பக்கத்திலிருந்து வரும் சரசரப்பை டர்போ என்று சொன்னவர் காது கொடுத்துக் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை.

பிறகு ஏன் கணினி சொல்லவில்லை என்று மச்சான் கேட்டார். நல்ல கேள்வி. கணினி சென்சார்கள் அனுப்பும் மின்சமிக்ஞையைத்தான் படிக்கும், அதற்குக் காது இல்லை. செயின் ஓரளவு நீண்ட பிறகுதான் கிராங்கும் கேமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று பி0016 போன்ற ஒரு கோடு வரும். அதற்கு முன் மாதக்கணக்கில் சத்தம் மட்டுமே இருக்கலாம். கோடு வந்தாலும் அது செயினாலும் வரலாம், ஒரு சென்சாரின் வயராலும் வரலாம். உஸூலுல் ஃபிக்ஹ் படித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அலாமத் வேறு, இல்லத் வேறு. அடையாளத்தைக் காரணமாக எடுத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னால் தீர்ப்பு தவறும். அந்த ஒர்க்‌ஷாப்பில் டர்போ அழுத்தம் தொடர்பான பழைய கோடு ஒன்று இருந்ததாம். அதை அச்செடுத்துக் காட்டித்தான் ஒரு லட்சத்தை வாங்கினார்கள்.

எனவே ஒர்க்‌ஷாப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கவனிக்கச் சொல்வது முதலில் இதுதான்: அவர் கேள்வி கேட்கிறாரா? "எப்போ வருது, காலையிலயா, ஏசி போட்டாலா, எத்தனை நாளா, கடைசியா என்ன ஆயில் ஊத்துனீங்க" என்று கேட்பவரிடம் வண்டியை விடலாம். வண்டியை இரவு விட்டுச் செல்லச் சொல்லி, காலையில் குளிர்ந்த இன்ஜினைத் தானே ஸ்டார்ட் செய்து கேட்பவர் இன்னும் மேல். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே இன்ஜினை இறக்க வேண்டும் என்பவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கருவிகளையும் கேளுங்கள். பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, மெர்சிடிஸுக்கு ஜென்ட்ரி, ஆடிக்கு ஓடிஸ் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி மென்பொருள் உண்டு. எல்லா வண்டிக்கும் ஒரே ஸ்கேனரை வைத்திருப்பவர் மேலோட்டமான கோடுகளைத்தான் படிக்க முடியும். ஆயிலிலும் அப்படியே. பிஎம்டபிள்யூ டீசலுக்கு லாங்லைஃப்-04, மெர்சிடிஸுக்கு 229.51 என்பது போல அந்தந்த இன்ஜினுக்கு உரிய அனுமதி எண் டப்பாவில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். "எல்லாம் சிந்தெடிக்தான் பாய்" என்பது பதில் அல்ல. கம்பெனி ஷோரூமுக்குத்தான் போக வேண்டுமா என்றால், வாரண்டி இருக்கும்வரை ஆம். வாரண்டி முடிந்த பழைய வண்டிக்கு, அந்த ஒரு பிராண்டை மட்டும் பார்க்கும் தனி ஒர்க்‌ஷாப் பல நேரங்களில் மேலானது. அங்கே வண்டி விட்டுள்ள இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

பணம் பற்றிய பேச்சை முதலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கூலி எவ்வளவு என்று தெரியாத ஒப்பந்தம் பழுதானது என்று ஃபிக்ஹ் நூல்கள் சொல்வதை நாம் மிம்பரில் பேசுகிறோம், கார் சாவியைக் கொடுக்கும்போது மறந்துவிடுகிறோம். கோளாறு கண்டுபிடிக்க ஒரு கட்டணம், வேலைக்கு ஒரு மதிப்பீடு, இரண்டையும் தனித்தனியே எழுத்தில் வாங்குங்கள். தேடிக் கண்டுபிடிப்பதற்குக் காசு கேட்பவரைத் திட்டாதீர்கள். இலவசமாகப் பார்ப்பவர் எங்காவது அதை ஈடுகட்டியாக வேண்டும். கழற்றிய பாகம் உங்கள் சொத்து, அது வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். புதிய பாகத்தின் எண்ணோடு ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். பலரிடம் வேலை வாங்கிச் செய்யும் கைவினைஞரிடம் பொருள் பழுதானால் ஈடு கொடுக்க வேண்டுமா என்பதில் இமாம் அபூஹனீஃபாவுக்கும் அவருடைய இரு மாணவர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அவருடைய அத்துமீறலால் பழுதானால் ஈடு கட்டாயம் என்பதில் வேறுபாடு இல்லை. நாட்டுச் சட்டத்திலும் வழி இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். 1915 என்ற எண்ணுக்குப் பேசினாலும் வழி சொல்வார்கள். ஆனால் எழுத்து ஆதாரம் இருக்க வேண்டும். மச்சானிடம் பில் மட்டும் இருந்தது, பழைய டர்போ இல்லை, என்ன கோளாறு என்று எழுதிய காகிதமும் இல்லை.

பழைய கார் வாங்கப்போகும் சகோதரர்களுக்கு ஒன்று. விற்பவரிடம் "நான் வரும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிட்டு, போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் காலைச் சத்தத்தை உங்களிடமிருந்து மறைத்திருக்கிறார்கள். மச்சான் போனபோது இன்ஜின் சூடாகத்தான் இருந்ததாம், "உங்களுக்காக ஏசி போட்டு வச்சேன்" என்றாராம் விற்றவர். பால் கறக்காமல் மடியைக் கட்டி வைத்து, நிறைய பால் தரும் ஆடு என்று காட்டி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் உண்டு என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். சூடாக்கி வைத்த இன்ஜினுக்கும் கட்டி வைத்த மடிக்கும் என்ன வித்தியாசம்? விற்றவரிடம் இதை நானே போய்ச் சொன்னேன். அவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. பேசிப் பேசி, செயின் வேலையில் ஒரு பங்கைத் தர மட்டும் சம்மதித்தார்.

வேலை செய்தவர் அறுபது வயதைக் கடந்த ஒரு மெக்கானிக். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினின் பின்பகுதியில் வைத்து, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னையும் கேட்கச் சொன்னார். "கேக்குதா பாய்? முன்னாடி வச்சா இல்ல, இங்க வச்சா இருக்கு." ஆயில் சம்ப்பைக் கழற்றியபோது பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தன. கியர்பாக்ஸை இறக்கி, மூன்று செயின்களையும் கைடுகளையும் மாற்ற ஆறு நாள் ஆயிற்று. ஏழாம் நாள் காலையில் எங்களை வரச் சொல்லி, இரவெல்லாம் நின்ற வண்டியை எங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்து காட்டிவிட்டுத்தான் மீதிப் பணத்தை வாங்கினார். பழைய செயினையும் உடைந்த கைடுகளையும் ஒரு சாக்குப் பையில் கட்டி டிக்கியில் வைத்திருந்தார். நாங்கள் கேட்கவே இல்லை.