இறங்க மறுக்கும் ஐந்தாவது சில்லு

ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடைப்பட்ட காட்டு வீதியில் நள்ளிரவு கடந்து சில்லு காற்றுப் போனால், ஓட்டுபவர் முதலில் பார்ப்பது சில்லை அல்ல, வீதியோரப் பற்றையை. யானைகள் குறுக்கறுக்கும் இடம் அது. திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைப் பக்கம் போகும் கெப் வாகனங்களுக்கு இந்த ஏ-6 வீதிதான் வழி. ஜக்கு இருக்கிறது, ஸ்பானர் இருக்கிறது, ஸ்பெயார் சில்லும் பின்பெட்டிக்கு அடியில் தொங்குகிறது. கம்பியை விட்டுத் திருகினால் அது மட்டும் இறங்காது. “அண்ணன், கம்பி சுத்துது, சில்லு அசையுதில்ல” என்று உதவிக்கு வந்தவர் கீழிருந்து சொல்லும்போது எல்லோரும் பூட்டைத்தான் திட்டுவார்கள். பூட்டுக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் சிறு பங்குதான்.

கெப் வாகனத்தில் ஸ்பெயார் சில்லைத் தாங்குவது ஒரு சிறிய பாரந்தூக்கி. பின்பம்பரில் உள்ள துளை வழியாக நீண்ட கம்பியை விட்டுத் திருகினால், உள்ளே இருக்கும் பற்சில்லுகள் ஓர் உருளையைச் சுழற்றும். அந்த உருளையில் சங்கிலியோ இரும்பு வடமோ சுற்றப்பட்டிருக்கும். அதன் நுனியில் உள்ள தட்டு, சில்லின் நடுத்துளைக்குள் நுழைந்து கீழிருந்து அதைத் தாங்கும். இடப்பக்கம் திருகினால் இறங்கும், வலப்பக்கம் திருகினால் ஏறும். முழுதாக ஏறியதும் ‘டக், டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்கு மேல் இழுத்துச் சங்கிலியை அறுத்துவிடாதபடி உள்ளே இருக்கும் கிளட்ச் நழுவும் சத்தம் அது. சில வாகனங்களில் பம்பர்த் துளையின் வாயிலேயே ஒரு திறப்புப் பூட்டும் இருக்கும். சில்லுத் திருடர்களுக்காக வைத்தது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் வேறு. கம்பியைத் திருகினால் சில்லு இறங்குகிறது. ஆனால் ஏறக்குறைய 30 கிலோ எடையுள்ள சில்லு தன் பாரத்தால் கம்பியைத் திருப்பி, தானாக இறங்கிவிடுவதில்லை. பற்சில்லின் புரி மிகக் குறைந்த சாய்வில் வெட்டப்பட்டிருப்பதே காரணம். கிறீஸ் பூசிய இரும்பின் மேல் இரும்பு வழுக்குவதற்கு உரிய உராய்வுக் கோணம் 6 பாகை அளவில் இருக்கும். புரியின் சாய்வு அதற்கும் குறைவாக இருந்தால், கீழிருந்து எவ்வளவு இழுத்தாலும் அது பின்னோக்கிச் சுழலாது. எல்லா வாகனங்களிலும் ஒரே வகைப் பற்சில்லு இல்லை என்றாலும், விசை ஒரு பக்கம் மட்டும் கடத்தப்பட வேண்டும் என்ற கணக்கு பொதுவானது. பல வாகனங்களில் அந்தக் கணக்கைக் காப்பது உராய்வுதான். உராய்வு குறைந்தால் சில்லு வீதியில் விழும், கூடினால் நமக்குத் தேவையான இரவில் இறங்காது. பொறியியலாளர் இரண்டுக்கும் நடுவே ஓர் அளவை வைத்து வாகனத்தை விற்கிறார். அந்த அளவைக் கடல் மாற்றிவிடுகிறது.

திருகோணமலைக் கடல் அந்த வேலையை ஆண்டு முழுவதும் செய்கிறது. அலை உடையும்போது கோடிக்கணக்கான குமிழிகள் வெடிக்கின்றன. ஒவ்வொரு குமிழியும் நுண்ணிய உப்புநீர்த் துளிகளைக் காற்றில் எறிகிறது. வாடைக்காற்று காலத்தில் அந்தத் துளிகள் நிலாவெளி, உப்புவெளி, குச்சவெளிக் கரையோரம் முழுவதும் வந்து படிகின்றன. கச்சான் வீசும் மாதங்களில் வெயில் கொளுத்தும், நிலம் காயும், ஆனால் உப்பு முழுதாகக் காயாது. சோறாக்கும் உப்பான சோடியம் குளோரைட்டு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால்தான் தானாகக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். நடுப்பகலிலும் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலமாக இருக்கும். மழையில் நனையும் இடங்களிலாவது அது கழுவப்படும். வாகனத்தின் வயிற்றுப் பக்கத்தை எந்த மழை கழுவுகிறது?

மீன் ஏற்றும் கெப்களின் நிலை இன்னும் மோசம். பின்பெட்டியில் ஐஸ் உருகி, மீனின் உப்போடு கலந்து, மூலைத் துளைகளால் ஒழுகும். பின்பெட்டிக்கு அடியில்தான் பாரந்தூக்கி இருக்கிறது. வாகனத்தை வடிவமைத்தவர்கள் பின்பெட்டியில் சீமெந்தையோ மரக்கறியையோ நினைத்திருப்பார்கள். பாரையையும் சூரையையும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கறள் எங்கே முதலில் பிடிக்கும் என்பது சற்று விசித்திரமானது. வெளியில் தெரியும் தட்டையான பரப்பை விட, இரண்டு இரும்புகள் ஒட்டிக்கொள்ளும் இடுக்கில்தான் அது ஆழமாக அரிக்கும். கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற வேதியியலாளர் 1920களில் ஓர் இரும்புத் தகட்டில் ஒரு துளி உப்புநீரை வைத்துப் பார்த்தார். துளியின் ஓரத்துக்குக் காற்றிலிருந்து ஒட்சிசன் தாராளமாகக் கிடைத்தது, நடுவுக்குக் கிடைக்கவில்லை. அரிக்கப்பட்டது ஒட்சிசன் இல்லாத அந்த நடுப்பகுதிதான். ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையில் ஒரு சிறு மின்கலம் உருவாகி, நடுவிலுள்ள இரும்பு இலத்திரன்களை இழந்து கரைகிறது. ஸ்பெயார் சில்லின் நடுத்துளையில் உட்கார்ந்திருக்கும் தட்டு, சங்கிலியின் கண்ணிகள், உருளையின் அச்சு எல்லாமே இத்தகைய ஒட்சிசன் புகாத இடுக்குகள். சீனக்குடாவில் பிரித்தானியர் 1930களில் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்னும் நிற்கின்றன. பெரும்பாலானவை காடு மூடி, பல பத்தாண்டுகள் பராமரிப்பின்றிக் கிடந்தும் அவற்றின் தடித்த தகட்டுச் சுவர்கள் சாயவில்லை. அதே கடற்காற்றில் ஒரு பாரந்தூக்கி சில ஆண்டுகளில் இறுகிப் போகிறது. தகட்டின் தடிப்பும் திறந்த பரப்பும் ஒரு பக்கம், இடுக்கு மறுபக்கம்.

இறுகுவதற்கு இன்னொரு காரணம் பருமன். கறளாக மாறிய இரும்பு, தான் இருந்த இடத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைக் கேட்கும். அச்சுக்கும் கூட்டுக்கும் இடையே விடப்பட்ட மெல்லிய இடைவெளியை அது நிரப்பி, பிறகு இரண்டையும் நெருக்கும். அலுமினிய அலோய் சில்லாக இருந்தால் கதை இன்னும் சிக்கல். அலுமினியமும் இரும்பும் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். விளையும் வெள்ளைப் பொடியும் அடைத்துக்கொள்ளும்.

ஒன்று இன்னொன்றுக்காக அரிபடும் இந்தக் குணத்தை ஹம்ப்ரி டேவி 1824இல் பயனாக்க முயன்றார். பிரித்தானியப் போர்க்கப்பல்களின் அடிப்பக்கச் செம்புத் தகடு அரிக்காமலிருக்க, அதில் நாகமும் இரும்பும் கட்டிகளாகப் பொருத்தினார். செம்பு காப்பாற்றப்பட்டது. ஆனால் செம்பு கரைந்து நஞ்சூட்டாததால் சிப்பியும் பாசியும் தடையின்றி வளர்ந்து கப்பல்களின் வேகத்தைக் குறைத்தன. திட்டம் கைவிடப்பட்டது. அந்த அறிவு வீண்போகவில்லை. இன்று இரும்புக் கப்பல்களின் அடியில் பொருத்தப்படும் நாகக் கட்டிகள் அதன் வாரிசுகள். பாரந்தூக்கியின் சங்கிலிக்குப் பூசப்படும் நாகப் பூச்சும் அப்படித்தான். அது தீரும்வரை இரும்புக்குப் பயமில்லை.

இறுகுவது ஒரு முடிவு மட்டுமே. அதே கறள் வடத்தை அரித்து அறுத்துவிட்டால் சில்லு ஓடும் வாகனத்திலிருந்து விழும். டொயோட்டா நிறுவனம் 2010 ஏப்ரலில் அமெரிக்காவில் சியன்னா வாகனங்கள் சுமார் 6 இலட்சத்தைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். பனிக்காலத்தில் வீதிகளில் தூவும் உப்பு வடத்தை அரித்திருந்தது. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் விழும் 30 கிலோ சில்லு, 25 மீற்றர் உயரத்திலிருந்து போட்ட அதே சில்லுக்குச் சமமான ஆற்றலோடு பின்னால் வரும் வாகனத்தை நோக்கி உருளும். ஆகவே இறங்காத சில்லை “சரி, எப்படியும் விழாதுதானே” என்று விட்டுவிடுவது சரியில்லை. உள்ளே இறுகியிருப்பது பற்சில்லாகவும், பாதி அறுந்திருப்பது வடமாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

இறக்கும் வழிக்கு வருவோம். முதலில் நோயைப் பிரித்தறிய வேண்டும். கம்பியே சுழலவில்லையென்றால் பற்சில்லோ அச்சோ இறுகியிருக்கிறது, அல்லது கம்பியின் நுனி சரியாகப் பொருந்தவில்லை. கம்பி சுழன்று சங்கிலி தளர்ந்தும் சில்லு நின்றால், தட்டு நடுத்துளையோடு கறளால் ஒட்டியிருக்கிறது. சில அமெரிக்கக் கெப்களில் வடம் அறுந்தாலும் சில்லைத் தாங்கும் இரண்டாவது கொக்கி ஒன்று உண்டு. அது மாட்டிக்கொண்டாலும் இதே அறிகுறிதான்.

கம்பி சுழல மறுத்தால் பலத்தைக் கூட்டுவது முதல் தவறு. இறக்கும் திசைக்கு எதிராக, வலப்பக்கம் சிறிது இறுக்கி, பிறகு இடப்பக்கம் தளர்த்தி, மாறி மாறிச் செய்ய வேண்டும். கறள் அழுத்தத்தைத் தாங்கும், அசைவைத் தாங்காது. உடைந்து பொடியாகும். சுத்தியலால் மெதுவாகத் தட்டுவதும் அதற்கே. ஊடுருவும் எண்ணெய் விட்டால் காத்திருக்கப் பழக வேண்டும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அது இடுக்குக்குள் தானாக இழுபடும், ஆனால் இரண்டு மடங்கு ஆழம் போக நான்கு மடங்கு நேரம் எடுக்கும். விட்டதும் திருகிப் பார்த்துவிட்டு ‘இது ஒன்றுக்கும் உதவாது’ என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இரவே விட்டு விடியத் திருகுவது நல்லது. ‘டபிள்யூ.டி.-40’ அமெரிக்காவில் 1953இல் நீரை விரட்டி ஏவுகணைகளைக் கறளிலிருந்து காக்கவென உருவானது. கராஜ்களில் மண்ணெண்ணெயும் அதே வேலையை ஓரளவு செய்யும்.

தட்டு ஒட்டியிருந்தால் சில்லின் கீழ் ஜக்கை வைத்துச் சிறிது தூக்கிப் பாரத்தைக் குறைத்த பிறகு, பக்கவாட்டிலிருந்து அலவாங்கால் நெம்பலாம். யாரும் சில்லுக்குக் கீழே படுக்கக் கூடாது. சூடு காட்டுவது இரும்புக்கு நல்ல மருந்து. 25 மில்லிமீற்றர் நட் ஒன்றை 200 பாகை செல்சியஸ் சூடாக்கினால் அது 0.06 மில்லிமீற்றர் விரியும், கறளை உடைக்க அது போதும். ஆனால் டயருக்கும் எரிபொருள் தாங்கிக்கும் அருகில் நெருப்பைக் கொண்டுபோவது சரியில்லை. டயர் உள்ளே சூடேறி வெடிக்கும். அரைக்கும் இயந்திரத்தால் சங்கிலியை வெட்டுவதும் கராஜ்காரர் வேலை.

பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் பித்தளை ஊசிகளுக்குக் கிறீஸ் ஆகாது, தூசியைப் பிடித்து அடைக்கும். காரீயகத் தூள் நல்லது. அதைவிட முக்கியம் துளையை மூடும் சிறு இறப்பர் மூடி. அது தொலைந்தால் யாரும் தேடுவதில்லை.

கடற்கரை வாகனத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சில்லை முழுதாக இறக்கி, வடத்தில் நார் அறுந்திருக்கிறதா என்று பார்த்து, நல்ல தண்ணீரால் கழுவிக் காயவைத்துக் கிறீஸ் பூச வேண்டும். உப்புவெளிப் பக்கத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் உப்பின் மேல் உப்பு. கையோடு காற்றையும் பார்த்துவிடலாம், நிற்கும் டயரும் மாதந்தோறும் கொஞ்சம் காற்றை இழக்கும். திரும்ப ஏற்றும்போது ‘டக், டக்’ சத்தம் வரும்வரை திருகி, சில்லைக் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் தட்டு நடுத்துளையில் சாய்ந்து நிற்கிறது. இறக்கி நேராக்கி மறுபடியும் ஏற்ற வேண்டும்.