வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம்: யாருக்கான விடுதலை?

வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் என்பது 1930 ஏப்ரலில், அன்றைய தஞ்சை மாவட்டத்தில் இராஜாஜி தலைமையில் நடந்த சட்டமறுப்புப் போராட்டமாகும். அதன் பின்னணியில் இருந்த நோக்கங்கள் யாவை, விடுதலை யாருக்குப் பயன் தந்தது என்பவை தஞ்சை வரலாற்றில் இன்றும் எழுப்பப்படும் கேள்விகளாகும்.

போராட்டம்

ஏப்ரல் 13 அன்று ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடைப்பயணம் புறப்பட்டனர். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாக ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தனர். தொண்டர்களுக்கு உணவோ இடமோ தருவோர் தண்டிக்கப்படுவர் என்று மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். ஆயினும் வழியிலிருந்த மக்கள் உணவளித்தனர். ஏப்ரல் 30 அன்று தடையை மீறி உப்பு அள்ளிய இராஜாஜி கைதானார். காவலருக்குச் சவரம் செய்ய மறுத்த தொழிலாளி வைரப்பனும் சிறை சென்றார்.

வேறுபட்ட நோக்கங்கள்

உப்பு வரி ஏழை, செல்வர் என அனைவரையும் பாதித்தது. மற்றக் குறைகள் அவ்வாறு பொதுவானவை அல்ல. மிராசுதார்களுக்கு நிலவரி பெருஞ்சுமையாக இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை சரிந்தபோது அச்சுமை மேலும் கூடியது. அவர்களின் வயல்களில் உழைத்த பண்ணையாட்களின் துன்பம் வேறு. நெல்லாக அளக்கப்பட்ட சொற்பக் கூலி, தீராத கடன், சவுக்கடி, சாணிப்பால் தண்டனை ஆகியவையே அவர்கள் அறிந்த அடிமைத்தனம். வெள்ளையர் வெளியேறுவதால் மட்டும் அது நீங்கிவிடாது.

இந்த ஐயத்தைச் சாதி நோக்கில் எழுப்பியவர் பெரியார். ஆட்சி உயர்சாதியினர் கைக்கு மாறுவதே நடக்கிறது என்று கூறி, 1947 ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்றார். அண்ணா இதில் மாறுபட்டு அதை இன்ப நாள் என்றார். அந்நியர் ஆட்சி முடிவதே ஒரு வெற்றி என்பது அவர் கருத்து.

விடுதலைக்குப் பின்

விவசாயச் சங்கங்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகே, 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த முதலமைச்சர், 1930இல் உப்பு அள்ளிய இராஜாஜியே. ஆனாலும் கூலிப் பூசல் ஓயவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர்.

மதிப்பீடு

பலர் சேர்ந்து நடத்தும் போராட்டத்தில் ஒரே நோக்கம் இருப்பதில்லை. நிலவுடைமையாளர் சிலர் தம் நலன் கருதியிருக்கலாம். அதனால் வைரப்பனின் துணிவு பொய்யாகாது. அதேபோல், தொண்டர்களின் தியாகத்தைக் காட்டிப் பண்ணையாளின் கேள்வியை ஒதுக்கிவிடவும் முடியாது. அன்னிய ஆட்சியிலிருந்து விடுதலை, உள்ளூர் ஒடுக்குமுறையிலிருந்து விடுதலை ஆகிய இரண்டும் வெவ்வேறு. முதலாவது 1947இல் கிடைத்தது. இரண்டாவதற்காகத் தஞ்சை உழைப்பாளிகள் அதற்குப் பின்னரும் போராட வேண்டியிருந்தது.