பத்திரிகையாளர் ஜி. பார்த்தசாரதியும் 'இணைப்பு சி'யும்

நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு இலங்கைத் தமிழர் முகாம் புதுசு இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். 1983-லேயே பேசித் தீர்த்திருக்க முடியாதா என்று தேடியபோது அடிக்கடி கண்ணில் பட்ட பெயர், ஜி. பார்த்தசாரதி (1912–1995).

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இணையத்தில் தேடினால் இதே பெயரில் இன்னொரு தூதரும் வருவார். இருவருமே பாகிஸ்தானில் இந்தியாவின் தூதர்களாக இருந்தவர்கள். நான் சொல்வது மூத்தவரை. 370-வது பிரிவை வரைந்த என். கோபாலசாமி அய்யங்காரின் மகன்.

இவர் 'தி இந்து'வில் உதவி ஆசிரியராக இருந்தவர். பிறகு பி.டி.ஐ.க்காக லண்டனில் வேலை. 1954 ஜெனிவா உடன்பாட்டுக்குப் பின் இந்தோசீனப் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க இந்தியா, கனடா, போலந்து சேர்ந்த ஆணையம் அமைந்தது. அதன் தலைவராக கம்போடியாவிலும் வியட்நாமிலும் இருந்தார். 1974 நவம்பரில் ஷேக் அப்துல்லாவின் பிரதிநிதி மிர்சா அப்சல் பேக்குடன் உடன்பாடு கண்டார். 1975 பிப்ரவரியில் ஷேக் மறுபடி ஆட்சிக்கு வந்தார்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்திரா காந்தியின் தூதராகக் கொழும்பு போனார். ஜெயவர்த்தனேவிடமும் தமிழர் விடுதலைக் கூட்டணியிடமும் பேசி உருவானதுதான் 'இணைப்பு சி'. அதன் சாரம் எளிது. நாடு பிரியாது. ஆனால் ஒரு மாகாணத்தின் மாவட்டங்கள் சேர்ந்து பிராந்திய சபை அமைக்கலாம். அதற்கு முதலமைச்சரும், சட்டம் இயற்றும் அதிகாரமும் உண்டு. பிரிவினை வேண்டாம் என்பவருக்கு முதல் வரி, அதிகாரம் கேட்டவருக்கு அடுத்த வரி. இரண்டு தரப்பும் படிக்கக்கூடிய ஒரே வாசகம். பழைய ஆசிரியர் வேலை இங்கே கைகொடுத்தது என்றுதான் எனக்குத் தோணுது.

1984 ஜனவரியில் அனைத்துக் கட்சி மாநாடு கூடியது. பௌத்த பிக்குகளும் சிங்களக் கட்சிகளும் எதிர்த்தார்கள், ஜெயவர்த்தனே பின்வாங்கினார். அந்த வருடக் கடைசியில் மாநாடே முடிந்துபோனது.

1987 ஒப்பந்தத்தில் வந்த மாகாண சபைகள் இதற்கு ரொம்ப தூரத்து உறவு இல்லை. ஆனால் அதற்குள் ஆயுதம் பேசத் தொடங்கியிருந்தது.

நல்ல வரைவு இருந்தாலே சமாதானம் வந்துவிடாது. கையெழுத்துப் போடுகிறவர், அதைத் தன் ஆட்களிடம் போய்ச் சொல்லும் தைரியத்தோடும் இருக்கணும். காஷ்மீரில் ஷேக்கிடம் அது இருந்தது. கொழும்பில் இல்லை. அதன் விலையைத்தான் நம்ம மாவட்டத்து முகாம்களில் இன்றும் பார்க்கிறோம்.