பெரும்பாடு: எந்தச் சிகிச்சை எங்கே தடுக்கிறது?

இட்லி மாவைக் கரைத்து வெளியில் வைத்தால் வெக்கைக்குப் பொங்கும். நேரத்தோடு ஃபிரிட்ஜில் எடுத்து வைத்தால் அடங்கும். மறந்தால் காலையில் மேடையெல்லாம் மாவு. கருப்பையின் உள்சவ்வும் மாதாமாதம் இப்படித்தான். ஈஸ்ட்ரோஜன் வெக்கை, சவ்வைத் தடிக்க வைக்கும். கருமுட்டை வெளிவந்த பின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் ஃபிரிட்ஜ். பூப்படைந்த புதிதிலும் நாற்பதுகளிலும் பல மாதங்களில் முட்டையே வெளிவராது. அப்போது வழிவதுதான் மிச்சம். (கட்டிகள், தைராய்டு, இரத்தம் உறையாத கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு.)

ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் இரத்தம் போனால் பெரும்பாடு என்பது பழைய கணக்கு. யார் அளந்து பார்க்கிறார்கள்? மணிக்கொரு நாப்கின், 7 நாளைத் தாண்டும் போக்கு, கட்டிகட்டியாக விழுவது, படியேறினால் மூச்சிரைப்பு இருந்தாலே மருத்துவரிடம் போகலாம்.

இனி சிகிச்சைகள். டிரனெக்சாமிக் அமில மாத்திரைக்கு மாவுக் கதை உதவாது. திறந்த இரத்தக் குழாயை உடல் உறைவால் அடைக்கிறது. பிறகு அந்த உறைவைத் தானே கரைக்கிறது. கரைவதைத் தடுப்பதே இம்மாத்திரையின் வேலை. 1962இல் இதை உலகுக்குச் சொன்னவர்கள் ஜப்பானின் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும். அதிகம் போகும் நாட்களில் மட்டும் போட்டால் போக்கு ஏறக்குறைய பாதியாகும். ஹார்மோன் கிடையாது. முன்பு காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர்களுக்கு ஆகாது. மெஃபெனமிக் அமிலம் வலிக்கு நல்லது, போக்கைக் குறைப்பதில் ஒரு படி கீழே.

நோரெதிஸ்டிரோன் மாத்திரை வெளியிலிருந்து கொண்டுவரும் ஃபிரிட்ஜ். மாதத்தில் மூன்று வாரம் விடாமல் போட வேண்டும். உடம்பு முழுக்கக் குளிர் பரவுவதால் வயிறு உப்பும், மனம் சிடுசிடுக்கும். கருப்பைக்குள்ளேயே வைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனம் பாத்திரத்தை மட்டும் குளிர வைக்கிறது. வழக்கமான காப்பர்-டி போக்கைக் கூட்டும். இந்தச் சாதனமோ 70 முதல் 95 சதவீதம் வரை குறைக்கும். முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டிருக்கும். அதைச் சொல்லாமல் வைத்துவிடுவதால்தான் பலர் மூன்றாம் மாதமே எடுத்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். இச்சாதனத்தை மருந்துகளோடு ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்விலும் (2013) இரண்டு ஆண்டு முடிவில் இதுவே முந்தியது.

அடியில் ஒட்டிய பழைய மாவு புது மாவைப் புளிக்க வைக்குமே, அதுபோல் அடிச்சவ்விலிருந்தே புதுச்சவ்வு முளைக்கிறது. அந்த அடியைச் சுட்டு அழிப்பது அப்லேஷன். குழந்தை வேண்டுவோருக்கு இது கூடாது.

பாத்திரத்தையே எடுத்துவிடுவது கடைசி. நம் நாட்டில் முப்பது வயதுப் பெண்ணிடம்கூட இதை முதலில் சொல்கிறார்கள். தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்தும்படி 2023இல் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டிவந்தது. சூலகத்தை விட்டுவைத்தாலும் அதன் ஹார்மோன் சுரப்பு முன்கூட்டியே நின்றுவிடக்கூடும். ஆகவே தேதி குறிக்கும் முன் ஸ்கேன், ஹீமோகுளோபின், தைராய்டு பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்; 45 தாண்டியவர் என்றால், சவ்வில் ஒரு துணுக்கு எடுத்துப் புற்று இல்லை என்று உறுதி செய்தாயிற்றா என்றும்.