உப்பும் விறகும் வந்த வழி

எங்கள் பாட்டியார் திருவல்லிக்கேணியில் குடித்தனம் நடத்தியவர். அடுப்பிலே சவுக்குக் கட்டை பற்றாமல் புகைந்து கண்ணைக் கரிக்கும்போதெல்லாம், "படகிலே நனைந்த விறகை நம் தலையில் கட்டிவிட்டான், பாவி!" என்று விறகுத் தொட்டிக்காரனைச் சபிப்பாராம். இதை என் தகப்பனார் பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். சிறு பையனாய் இருந்த எனக்கு ஒன்று மட்டும் விளங்கவே இல்லை. விறகுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்? விறகு லாரியில் அல்லவா வரும்?

விடை அவர் குடியிருந்த வீட்டுக்கு வெகு சமீபத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. இன்று சேப்பாக்கத்திலும் மயிலாப்பூரிலும் நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போகிறோமே, அந்தக் கறுத்த நீர்தான் ஒரு காலத்தில் சென்னை நகரத்தின் ராஜபாட்டை. பக்கிங்ஹாம் கால்வாய் என்று அதற்குப் பெயர். வடக்கே ஆந்திர தேசத்துப் பெத்த கஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரையில், கடற்கரையை ஒட்டினாற்போல், சுமார் 260 மைல் நீளம். வடகோடியில் கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக் கால்வாய்களோடு அது சேர்வதால், காக்கிநாடாவில் ஏற்றிய சரக்கு கடலின் அலையைக் காணாமலே சென்னைக்கு வந்து சேரலாம்.

என்னென்ன வந்தன? நெல் வந்தது, கருவாடு வந்தது, சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் வந்தது. பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து விறகு வந்தது. இப்போது ஆகாயத்துக்கு ராக்கெட் அனுப்பும் அதே ஸ்ரீஹரிகோட்டாதான்! சென்னையின் அடுப்புகளை எரித்த தீவு அது என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக உப்பு வந்தது. எண்ணூர், கேளம்பாக்கம், மரக்காணம் ஆகிய உப்பளங்கள் யாவும் கால்வாயை அடுத்தவை. பேசின் பிரிட்ஜுக்கு அருகே 'சால்ட் கொட்டார்ஸ்' என்று ஓர் இடம் உண்டு. ஏதோ ஆங்கிலேயர் பெயர் என்று நானும் வெகுகாலம் எண்ணியிருந்தேன். கொட்டாரம் என்றால் களஞ்சியம். உப்புக் கொட்டாரம்தான் வெள்ளைக்காரர் வாயில் புகுந்து அப்படி வெளிவந்தது.

கால்வாயின் பிறப்பிலும் உப்பின் வாடை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1805-ல் சென்னை மாகாணத்து உப்பு வியாபாரத்தைத் தங்கள் ஏகபோகமாக்கிக்கொண்டார்கள். அடுத்த வருஷமே, 1806-ல், பாசில் காக்ரேன் என்ற வர்த்தகர் வெட்டுவித்த வாய்க்கால் சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் 11 மைல் ஓடலாயிற்று. பிறகு அது பழவேற்காடு வரை நீண்டது. 1837-ல் சர்க்கார் அதைத் தாமே எடுத்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் வெட்டிக்கொண்டே போயினர். ஆனால் நகரத்தின் நடுவில் ஓர் இடைவெளி வெகுநாள் இருந்தது. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே சுமார் 5 மைல்.

அந்த 5 மைலை வெட்டியது பஞ்சம். 1876 முதல் 1878 வரையில் தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நேயர்கள் கேட்டிருப்பார்கள். 50 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஒருவனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877-ன் தொடக்கத்தில் ஸர் ரிச்சர்டு டெம்பிள் விதித்தார். மண் வெட்டுகிற மனிதனின் உடம்பு இதில் நிலைக்காது என்று மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் என்ற ஆங்கிலேயரே எதிர்த்து எழுதினார். பிற்பாடு கூலி சிறிது கூட்டப்பட்டது. அத்தகைய காலத்தில், பசித்தவர்கள் வெட்டி முடித்த கால்வாய்க்கு, அப்போது கவர்னராய் இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை 1878-ல் சூட்டினார்கள். வெட்டியவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

இனிப் படகுகளைப் பார்ப்போம். அவற்றில் இஞ்சின் கிடையாது. காற்று அநுகூலமானால் பாய் விரிப்பார்கள். ஆழம் குறைந்த இடத்தில் நீண்ட கழியைத் தரையில் ஊன்றி, அதன் தலைப்பைத் தோளில் கொடுத்து, படகின் முன்முனையிலிருந்து பின்முனைக்கு நடப்பார்கள். மனிதன் பின்னே நடக்கப் படகு முன்னே நகரும். காற்றும் இன்றிக் கழிக்கும் வசதியற்றபோது மிஞ்சியது கயிறு ஒன்றுதான். கரையில் இறங்கி, கயிற்றை மார்பில் மாட்டி, மாட்டைப்போல் இழுக்க வேண்டும்.

இதைச் செய்தவர் ஒருவரைச் சந்திக்கும் பாக்கியம் சென்ற தை மாதம் எனக்குக் கிட்டியது. வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கேளம்பாக்கத்துக்குத் தெற்கே கால்வாய்க் கரையோரமாக நடந்து போனேன். ஒரு சிற்றூரில், வலை உலர்த்தும் இடத்தில், எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டாம் வயதில் தகப்பனாரோடு கயிறு பிடிக்கத் தொடங்கினாராம்.

"கயித்தைப் படகு மூக்கிலே கட்டமாட்டோம், வாத்தியாரையா. பாய்மரத்திலே ஒசரத்திலே கட்டுவோம். இல்லாட்டி கரையிலே இருக்கிற முள்ளெல்லாம் கயித்தைப் புடிச்சுக்கும்" என்றார்.

என் பட்டப்படிப்பில் இது வரவில்லை! கரையிலிருந்து இழுத்தால் படகும் கரைப்பக்கமே திரும்பப் பார்க்கும் அல்லவா? அதனால் சுக்கான் பிடித்தவன் ஓயாமல் அதை நடுநீருக்குத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அவர்கள் படகில் அது அவருடைய தாயாரின் வேலை. சமையலும் படகிலேயே. ஆற்று முகம் வந்தால் 'லாக்' என்று சொல்லும் மதகு அறைக்குள் படகைச் செலுத்திப் பின்கதவை மூடுவார்கள். உள்ளே இருக்கும் நீர் வெளிநீரின் மட்டத்துக்கு ஏறியோ இறங்கியோ சமமானதும் முன்கதவு திறக்கும். கடலின் ஏற்ற வற்றம் பார்த்து அங்கே அரை நாள் காத்துக் கிடப்பதும் உண்டாம். "அதுதான் எங்களுக்கு லீவு" என்று சிரித்தார்.

இரண்டு பேர் எவ்வளவு பாரம் இழுப்பீர்கள் என்று கேட்டேன். எட்டு மாட்டு வண்டிப் பாரம் என்றார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உடனே பெரியவர் தம் பேரனுடைய படகில் நான்கு பையன்களை ஏற்றி, கயிற்றின் நுனியை ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் கொடுத்தார். முதல் இழுப்புக்குப் படகு அசையவில்லை. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் மெல்ல நகர்ந்தது. அப்புறம் அவள் நடக்க நடக்க அதுவும் பின்னோடு வந்தது. "ஸார், கனமே இல்லை!" என்று கூவினாள். நிறுத்தச் சொன்னபோதுதான் நிறுத்த முடியவில்லை.

நீரின் சூட்சுமம் இதுவே. நல்ல ரஸ்தாவில் ஒரு குதிரை ஏறக்குறைய 2 டன் இழுக்கும். அதே குதிரை அசைவற்ற கால்வாயில் 50 டன் வரை இழுக்கும் என்பது இங்கிலாந்துக் கால்வாய்களில் கண்ட கணக்கு. ஒரே நிபந்தனை, அவசரப்படக் கூடாது. நடை வேகத்தில் போகும்வரை நீர் வழிவிடும். வேகத்தைக் கூட்டினால் எதிர்ப்பு பன்மடங்காகும்.

மனிதரே படகு இழுத்தது நம் நாட்டில் மட்டுமன்று. ருஷியாவின் வோல்கா நதியில் பதினொருவர் மார்புப் பட்டையோடு சாய்ந்து கப்பல் இழுக்கும் காட்சியை இலியா ரேப்பின் 1873-ல் தீட்டி முடித்தார். உலகப் புகழ் பெற்ற சித்திரம் அது. நேயர்களில் பலர் அதன் பிரதியைப் பார்த்திருக்கக் கூடும். ஆனால் அங்கே நடந்தது என்ன? நீராவி இழுவைப் படகுகள் வந்து அம்மனிதர்களின் தோளிலிருந்து பட்டையை இறக்கின. நதி, சரக்கு வழியாகவே நீடித்தது.

அமெரிக்காவின் மிஸிஸிப்பியிலோ இது இன்னும் வளர்ந்திருக்கிறது. அங்கே இழுவைப் படகு என்று பெயரே தவிர, அது செய்வது தள்ளுதல். 195 அடி நீளமும் 35 அடி அகலமும் உள்ள தட்டைத் தோணிகள். ஒவ்வொன்றிலும் சுமார் 1,500 டன் சோளமோ நிலக்கரியோ இருக்கும். வரிசைக்கு மூன்றாக ஐந்து வரிசை, ஆக 15 தோணிகளை இரும்பு வடத்தால் ஒன்றாகப் பிணைத்து, பின்னாலிருந்து ஒரே படகு டீஸல் யந்திரத்தால் தள்ளிக்கொண்டு போகிறது. மொத்தம் 22,500 டன். 25 டன் லாரிகளில் ஏற்றினால் 900 லாரிகள் வேண்டும்! மதகு அறையின் நீளம் போதாத இடங்களில் தோணிக் கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, முதற் பாதியைக் கடத்திவிட்டு, மறு பாதியைக் கொணர்ந்து மீண்டும் கட்டுவார்கள். மழை பொய்த்து நதி வற்றினால் அங்கும் கஷ்டந்தான். 2012-லும் 2022-லும் பாரத்தைக் குறைத்துக்கொண்டு தவழ்ந்தார்கள். ஆயினும் வழியைக் கைவிடவில்லை.

நம் கால்வாயின் கதை வேறாயிற்று. நியாயமாகப் பேசினால், அதற்கு ஆரம்பத்திலிருந்தே நோய் உண்டு. ஆறு கடலில் சேருமிடந்தோறும் மணல் தூர்ந்துகொண்டே இருக்கும். வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ரயில் வந்த பிறகு போட்டியும் வந்தது. இருந்தும் படகுகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கவி பாரதிதாசன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இந்த வழியாகப் படகில் போனதையே 'மாவலிபுரச் செலவு' என்று பாடினார். 1965, 1966-ஆம் வருஷங்களின் புயல்கள் கரைகளையும் மதகுகளையும் சிதைத்தன. லாரிகள் பெருகிய காலம் அது. சீர்செய்ய யாருக்கும் துடிப்பில்லை. நகரத்தின் சாக்கடைகள் ஒவ்வொன்றாக உள்ளே திரும்பின. பிறகு நகருக்குள் பறக்கும் ரயில் வந்தது. அதன் தூண்களைக் கால்வாயின் வயிற்றிலேயே நாட்டினார்கள். 1997-ல் ரயில் மயிலாப்பூரை எட்டியது. நானும் அதில் ஏறுகிறவன்தான், சௌகரியமாகவே இருக்கிறது. ஆனால் ஜன்னல் வழியே கீழே பார்க்கும்போதெல்லாம், ஒரு ரஸ்தாவைப் போட இன்னொரு ரஸ்தாவைக் கொன்றோமே என்று மனசு உறுத்துகிறது.

2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது இந்தக் கால்வாய் பல மைல் தூரத்துக்குக் கடல்நீரை வாங்கிக்கொண்டு, உள்ளே பாய்ந்த வேகத்தைத் தணித்தது என்று ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். 2008-ல் இது தேசிய நீர்வழி எண் 4-ன் ஒரு பகுதியென்று சட்டமும் ஆயிற்று. சென்னைக்குள் சரக்குப் படகு மட்டும் திரும்பி வரவில்லை. தூண்களுக்கு நடுவே எப்படி வரும்?

புறப்படும் முன் பெரியவரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். மறுபடியும் கால்வாயில் படகு வந்தால் சந்தோஷப்படுவீர்களா என்று கேட்டேன். அவர் மேல்துண்டை விலக்கி வலது தோளைக் காட்டினார். கயிறு பதிந்த இடம் அறுபது வருஷமாகியும் தடித்துக் காய்த்திருந்தது. அந்தச் சிறுமி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"வரட்டும், வாத்தியாரையா. தாராளமா வரட்டும்" என்றார் பெரியவர். "ஆனா இஞ்சின் வச்சு வரட்டும்."